மாடி எழுப்பலாம், அலமாரியை யார் நிரப்புவது?

இந்த முறை பினாங்கு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பொது நூலகத்தைப் பற்றியவை. ஜெலுத்தோங் வாசகர் ஒருவர் சென்ற இதழில் 'நூலக விரிவாக்கத்துக்கு வரிப்பணம் கூடாது' என்று எழுதிய நான்கு வரிக் கடிதம்தான் இதற்குக் காரணம். அவருடைய முழுக் கேள்வியையும், அதை ஒட்டியும் வெட்டியும் வந்த சில கேள்விகளையும் மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வட்டாரக் கிளை நூலகத்துக்கு இன்னொரு மாடி எழுப்ப அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று குடியிருப்பாளர் சங்கத்தில் ஒரு மகஜர் சுற்றுக்கு வந்தது. நான் கையெழுத்திடவில்லை. ஒரு மணி நேரம் மழை கொட்டினால் எங்கள் சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. அதைச் சரிசெய்யப் பணமில்லை என்கிறார்கள். நூலகத்தில் காலெடுத்து வைத்தே எனக்கு இருபது ஆண்டுகள் ஆகின்றன. போகாத இடத்துக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? போகிறவர்கள் கட்டணம் செலுத்திப் போகட்டுமே.
*— ஓய்வு பெற்ற வாசகர், ஜெலுத்தோங்*

பதில்: தண்ணீர் நிற்கும் சாலையில் குடியிருப்பவர் கேட்கும் கேள்வியை, 'கல்விக்குச் செய்யும் செலவு செலவே அல்ல' என்று ஒரு வரியில் சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போகிறவர்களே கட்டணம் கட்டலாமே என்பது ஒன்று. வடிகால் முந்தியா, நூலகம் முந்தியா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குப் பினாங்கின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் சொல்லும் ஏற்பாடு இங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருந்ததுதான். 1817ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுனில் தொடங்கப்பட்ட பினாங்கு நூலகம், சந்தா கட்டியவர்களுக்கான நூலகம். கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள், படித்தார்கள். அதே நகரத்தின் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், கடல் கடந்து வந்து அக்கரையில், இன்றைய செபராங் பிறையில், கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்த நூலகம் ஊரில் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். பிற்பாடு 1973ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி பினாங்குப் பொது நூலகக் கழகம் அமைந்து, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்கார்ந்து படிக்கலாம் என்ற நிலை உருவானது. இடைப்பட்ட காலத்தில் புத்தகத்தின் தன்மை மாறிவிடவில்லை, பணம் கொடுப்பவர்தான் மாறினார். கட்டணத்தை மீண்டும் வைத்தால் உங்களுக்கோ எனக்கோ பெரிய இழப்பு இல்லை. பத்து வெள்ளியை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுப் பிள்ளைதான் முதலில் வெளியே நிற்கும்.

இங்கே ஒரு பழைய சட்டத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டு நிறைவேறிய பொது நூலகச் சட்டம், நகரவாசிகளின் சொத்து மதிப்பில் ஒரு பவுனுக்கு அரைப் பென்னி வரி வாங்கி நூலகம் நடத்தலாம் என்று அனுமதித்தது. அதற்கு வாக்களிக்கும் வரி செலுத்துவோரில் மூன்றில் இரண்டு பங்கினர் இணங்க வேண்டும் என்றும் விதித்தது. ஆனால், அந்தப் பணத்தைக் கட்டடத்துக்கும் அதன் பராமரிப்புக்கும் செலவிடலாமே தவிர, புத்தகம் வாங்கச் செலவிடக் கூடாது. புத்தகங்கள் நன்கொடையாக வந்து சேரும் என்று எதிர்பார்த்தார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1855இல், அந்த வரியை ஒரு பென்னியாக உயர்த்திப் புத்தகம் வாங்கவும் அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் பிழையை நாம் இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கவலை. மாடி எழுப்பப் பணம் கேட்கும் மகஜரில், அந்த மாடியில் வைக்கப்போகும் புத்தகங்களுக்கும், சனி ஞாயிறுகளில் அதைத் திறந்து வைக்கும் ஊழியருக்கும் ஆண்டுதோறும் எவ்வளவு வேண்டும் என்று ஒரு வரி இருந்ததா? இல்லையென்றால் நீங்கள் கையெழுத்திடாததை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி வடிகால். ஒரே மாநில நிதியில் இரண்டுக்கும் இடமில்லாத ஆண்டு வந்தால், வீட்டுக்குள் தண்ணீர் வராமல் தடுப்பதே முதல் வேலை என்பதில் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், நூலகத்துக்கான பணத்தை நிறுத்தினால் அது தானாக உங்கள் சாலை வடிகாலுக்கு வந்து சேராது. சாலையோர வடிகால் பெரும்பாலும் மாநகர் மன்றத்தின் பொறுப்பு, ஆறும் பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டங்களும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பு, நூலகம் மாநிலக் கழகத்தின் பொறுப்பு. ஆகவே வடிகாலுக்குத் தனியாக ஒரு மகஜர் எழுதுங்கள், அதற்கு நூலக ஆதரவாளர்களிடமும் கையெழுத்து கேளுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டுக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறேன். அந்தப் பணத்தில்தான் நூலகம் நடக்கிறதா? எந்த வரி எங்கே போகிறது என்பதை விளக்க முடியுமா?
*— பிறை வாசகி*

பதில்: பிப்ரவரி மாத இறுதிக்குள்ளும் ஆகஸ்டு மாத இறுதிக்குள்ளும் நீங்கள் கட்டும் மதிப்பீட்டு வரி, அதாவது நம் பேச்சில் 'சுக்காய் பிந்து', உள்ளூராட்சிக்குப் போகிறது, உங்களுக்கு அது செபராங் பிறை மாநகர் மன்றம். நில வரி மாநில அரசுக்குப் போகிறது. வருமான வரி கூட்டரசுக்குப் போகிறது. பினாங்குப் பொது நூலகக் கழகம் மாநில அரசின் சட்டபூர்வ அமைப்பு என்பதால் அதன் செலவுக்கு முதன்மையான ஆதாரம் மாநில அரசு ஆண்டுதோறும் தரும் மானியம்தான். கூட்டரசும் தேசிய நூலகத்தின் வழியாகக் கிராம நூலகங்கள் போன்றவற்றுக்கு உதவுகிறது. கோலாலம்பூரில் நிலைமை வேறு. மெர்டேக்கா சதுக்கத்தின் அருகில் இருக்கும் கோலாலம்பூர் நூலகத்தை நடத்துவது மாநகராட்சியே. அங்கே வீட்டு வரி கட்டுபவர், 'என் வீட்டு வரியில் நடக்கும் நூலகம்' என்று நேராகவே சொல்லிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இந்தத் தொடர்பு வரி ரசீதிலேயே தெரியும். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியால், 1948ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் மாநில அளவில் இத்தகைய சட்டங்களுக்கு அது முன்னோடி. வீட்டு வரியின் மேல் நூலக வரி என்று ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்குவது அதன் உயிர்நாடி. இப்போது ஒரு ரூபாய் வரிக்குப் பத்துக் காசு. உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த தொகையை நூலகத்துறைக்கு ஒப்படைக்காமல் நிலுவை வைத்த செய்திகளும் அங்கே அடிக்கடி வருகின்றன. ஆனாலும் நிலுவை என்று ஒன்றைச் சொல்ல முடிகிறது அல்லவா? தனி வரியாக இருப்பதால்தான், வர வேண்டியது எவ்வளவு, வராதது எவ்வளவு என்று கணக்குக் கேட்க முடிகிறது. நமக்கு அந்தப் பிடி இல்லை. நம் நூலகத்தின் தொகை மாநில வரவு செலவுத் திட்டத்தின் பல பக்கங்களுக்கு நடுவே ஒரு வரியாக இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் நாட்டு வருமான வரியில் வாழ்க்கை முறைச் செலவு என்ற பெயரில் 2,500 ரிங்கிட் வரை கழிவு உண்டு. புத்தகம், கணினி, இணையக் கட்டணம் ஆகியவை அதில் அடங்கும். அதாவது வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிற நானும் என் நண்பர்களும் புத்தகம் வாங்கும்போது அரசு தன் வரி வருமானத்தில் ஒரு பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுக்கிறது. வரி கட்டும் வரம்புக்குக் கீழே இருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கோ பாதுகாவலருக்கோ அந்தக் கழிவால் ஒரு காசும் பயனில்லை. அவருடைய பிள்ளைக்கு அரசு செய்யக்கூடிய ஈடு பொது நூலகம்தான். நூலகத்துக்குப் போகாதவர் போகிறவருக்காகப் பணம் கட்டுகிறார் என்று மட்டும் பேசுவது எனக்கு முழு நியாயமாகத் தோன்றாததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. மின்னூல் வந்துவிட்ட பிறகு கட்டடத்தை ஏன் பெரிதாக்க வேண்டும்?
*— இளம் வாசகர், பாயான் பாரு*

பதில்: மின்னூல்களைப் பினாங்கு ஒதுக்கவில்லை, 2016ஆம் ஆண்டிலேயே மஸ்ஜிட் நெகிரி சாலையில் மின்னியல் நூலகம் திறக்கப்பட்டது. அங்கே மாலையில் போய்ப் பாருங்கள். புத்தகம் கைப்பேசியில் கிடைத்த பிறகும் பிள்ளைகள் ஏன் அங்கே வருகிறார்கள்? நாற்காலி, மேசை, குளிர்சாதனம், அமைதி ஆகியவற்றுக்காக வருகிறார்கள். அடுக்குமாடி வீட்டில் ஆறு பேருடன் ஒரே கூடத்தில் எஸ்.பி.எம். எனும் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு அந்த மேசை சிறிய உதவி அல்ல.

மின்னூல் மலிவு என்பதும் சரியல்ல. அச்சுப் புத்தகத்தை நூலகம் ஒருமுறை வாங்கினால் அட்டை கிழியும்வரை வைத்திருக்கலாம். பெரிய பதிப்பகங்கள் பல, நூலகங்களுக்கு மின்னூலை விற்பதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு என்றோ, இத்தனை முறை இரவல் கொடுக்க என்றோ உரிமம் மட்டுமே தருகின்றன. கெடு முடிந்தால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும்.

கேள்வி: பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனால் தமிழ்ப் புத்தகம் என்று ஓர் அலமாரிகூட முழுசாக இல்லை. நம் வரியும் அதில் சேர்கிறதே, நமக்கு என்ன கிடைக்கிறது?
*— புக்கிட் மெர்தாஜாம் தாய் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்*

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கிளை நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். தமிழ்ப் பகுதி கழிவறைக்குப் போகும் வழியில் இருந்தது. மொத்தம் மூன்றரைத் தட்டுகள். உலக நூலகங்கள் பலவற்றில் பயன்படும் டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு உரிய எண் 894.811. அந்த எண் ஒட்டிய முதுகுகள் வரிசையாக நின்றன. நான்கு புத்தகங்கள் தலைகீழாக நின்றன. எழுத்துத் தெரியாத ஊழியருக்கு எது தலை, எது கால் என்று எப்படித் தெரியும்? அவரை நான் குறை சொல்லவில்லை, எண்ணைப் பார்த்துச் சரியான இடத்தில்தான் வைத்திருந்தார். சிறுவர் நூல்கள் என்று இருந்தவற்றில் ஆகப் புதியது 2011இல் அச்சானது. ஒரு படக்கதைப் புத்தகத்தின் நடுப் பக்கங்கள் பிரிந்து, யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய பிளாஸ்திரி பழுப்பேறிப் போயிருந்தது. அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கிழிந்ததை ஒட்டித் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு அதை ஒரு பிள்ளை விரும்பிப் படித்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த புத்தகத்தை அந்த நூலகம் வாங்கி வைக்கவில்லை.

பிறகு கணினியில் தேடிப் பார்த்தேன். அங்கே தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில்தான் ஏற்றப்பட்டிருந்தன. 'ழ' வரும் ஒரு தலைப்பை மூன்று விதமாகத் தட்டச்சு செய்த பிறகுதான், ஒற்றை 'எல்' போட்ட வடிவில் அது அகப்பட்டது. பத்து வயதுப் பிள்ளை மூன்று முறை முயலுமா? முதல் முறையிலேயே 'இல்லை' என்று வந்ததும் எழுந்து போய்விடும்.

இந்த இடத்தில்தான் பணத்தின் சங்கிலி எப்படி ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நூலகங்கள் எந்தப் பகுதிக்கு எவ்வளவு செலவிடுவது என்பதைத் தீர்மானிக்கும்போது இரவல் கணக்கைப் பார்க்கின்றன. புதிய புத்தகம் இல்லாததால் யாரும் எடுப்பதில்லை. யாரும் எடுக்காததால் தமிழுக்குத் தேவை இல்லை என்று கணக்குச் சொல்கிறது. தேவை இல்லை என்பதால் புதிய புத்தகம் வருவதில்லை. இந்த வளையத்தை அரசு ஒரு பக்கத்திலிருந்தும் நாம் மறுபக்கத்திலிருந்தும் அறுக்க வேண்டும். அரசின் பக்கத்தில் கேட்க வேண்டியவை மூன்றுதான்: தமிழ் நூல் வாங்க ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகை, தமிழ் எழுத்திலேயே நூற்பட்டியல், தமிழர் மிகுதியாக வாழும் இடங்களில் உள்ள கிளைகளிலாவது தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் ஊழியர். நம் பக்கத்தில் செய்ய வேண்டியது, உறுப்பினர் அட்டை எடுத்து, இருக்கிற பழைய புத்தகத்தையாவது இரவல் வாங்கிப் பதிவில் ஏற்றுவது. நீங்கள் ஆசிரியராக இருப்பதால் உங்கள் வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால், முப்பது அட்டைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் நம் எழுத்தாளர்களுக்கும் பங்கு இருக்கிறது. மலேசியத் தமிழ் நூல்களில் மிகப் பல, எழுத்தாளர் தன் கைப்பணத்தில் சில நூறு படிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் உறவினரும் நண்பர்களும் உறையில் வைத்துத் தரும் தொகையால் அச்சுக்கூலியை ஈடுகட்டுபவை. விழா முடிந்ததும் மீதிக் கட்டுகள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தங்கிவிடுகின்றன. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும், அது பாதுகாப்புக்கு. பிள்ளைகள் கையில் போய்ச் சேர்வதற்கு, மாநில நூலகங்கள் ஒவ்வொன்றும் தம் கிளைகளுக்கு விலை கொடுத்து வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் அந்த எழுத்தாளர் அடுத்த புத்தகத்தையும் எழுதுவார்.

கேள்வி: அரசை ஏன் நம்ப வேண்டும்? கோயில்களும் சங்கங்களும் வசதி படைத்தவர்களும் சேர்ந்து நமக்கென்று நூலகம் கட்டிக்கொள்ளலாமே?
*— கோலாலம்பூர் வாசகர், செந்தூல்*

பதில்: கட்டிக்கொள்ளலாம், கட்டியும் இருக்கிறோம். ஐம்பதுகளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டியபோது, எளிய தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். அந்த வரலாற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால், அவர்கள் கொடுத்தது அரசுப் பல்கலைக்கழகத்துக்கு என்பதைக் கவனியுங்கள். ஒருமுறை திரட்டிய பணம் நிலையான நிறுவனத்தோடு சேர்ந்ததால் நிலைத்தது. தோட்டப்புறங்களில் ஆர்வமுள்ள ஒரு கிராணியோ (தோட்டக் கணக்கர்) ஆசிரியரோ நடத்திய படிப்பகங்கள், தோட்டம் துண்டாடப்பட்டு அவர் ஊர் மாறியதும் என்ன ஆயின என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

உலகிலேயே அதிக நூலகங்களுக்குக் கட்டடம் கட்டிக்கொடுத்த தனிமனிதர் எஃகு வணிகர் ஆண்ட்ரூ கார்னகி. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள். அவரே கட்டடத்துக்குத்தான் பணம் கொடுத்தார். ஊர் இடம் தர வேண்டும். கட்டடத்துக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகத்தை நடத்துவதற்கு ஊர் வரிப்பணத்திலிருந்து ஒதுக்க உறுதி தர வேண்டும். தராத ஊருக்கு அவர் பணம் கொடுக்கவில்லை. நன்கொடையால் ஒரு நூலகத்தைத் திறக்க முடியும், ஆனால் நடத்த முடியாது என்பதை நன்கொடையாளரே உணர்ந்திருந்தார். கொடுக்க விரும்பும் வசதி படைத்தவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். பொது நூலகத்துக்குத் தரும் தொகைக்கு 20,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவும் உண்டு. அந்தப் பணம் வரிப்பணத்தோடு சேர வேண்டும், அதற்கு மாற்றாக வரக் கூடாது என்பதே என் நிலை.

கேள்வி: சரி, விரிவாக்கத்தை ஆதரிக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். யாரிடம் என்ன கேட்பது?
*— பட்டர்வொர்த் வாசகர்*

பதில்: சில நாடுகளில் நூலகத்துக்கு வரி உயர்த்தலாமா என்று ஊர் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். நமக்கோ உள்ளூராட்சித் தேர்தலே 1965ஆம் ஆண்டில் நிறுத்தி வைக்கப்பட்டதோடு போய்விட்டது. ஆகவே, நீங்கள் கேள்வி கேட்கக்கூடிய ஆள் உங்கள் சட்டமன்ற உறுப்பினர்தான். மாநில வரவு செலவுத் திட்டம் ஆண்டு இறுதியில் தாக்கல் ஆகும் முன்பே அவருக்கு எழுதுங்கள். விரிவாக்கத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். கட்டி முடித்த பிறகு முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் புத்தகம் வாங்க எவ்வளவு, அதில் தமிழுக்கு எவ்வளவு, எத்தனை ஊழியர்கள், வார இறுதியில் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். இப்போதிருக்கும் கட்டடத்தில் காலியாகக் கிடக்கும் தட்டுகளை முதலில் நிரப்பி, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்து, அதன் பிறகும் இடம் போதவில்லை என்றால் மாடி எழுப்பலாம் என்பது என் சொந்தக் கருத்து.

பதில் வராவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. பினாங்கிலும் சிலாங்கூரிலும் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. பினாங்கின் சட்டம் 2010ஆம் ஆண்டுக்குரியது. மாநில அமைப்புகளிடம் உள்ள தகவலைக் கேட்டு அதன்படி விண்ணப்பிக்கலாம். 'கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தக் கிளைக்கு வாங்கிய தமிழ் நூல்களின் பட்டியல்' என்று ஒரே ஒரு வரியில் கேளுங்கள். கிடைக்கும் பட்டியலை எனக்கும் ஒரு படி அனுப்பி வையுங்கள். அது அரைப் பக்கமாக இருந்தாலும் இந்தப் பகுதியில் முழுதாக வெளியிடுகிறேன்.